நாய்க்கு எதற்குக் கம்பெனி காசு கொடுக்க வேண்டும்?

போன பொங்கலுக்குச் சித்தி மகள் சிட்னியிலிருந்து காட்பாடிக்கு வந்திருந்தாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி ஷிப்டில், போதையில் கொண்டுவரப்பட்ட ஒருவன் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்திவிட்டான். காவலாளி ஓடி வருவதற்குள் அரை நிமிஷம் ஆகியிருக்கும். கழுத்தில் விழுந்த தடம் பத்து நாளில் மறைந்தது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. பின்னால் யாராவது நடந்து வந்தால் உடம்பு வியர்த்துவிடுகிறது. அந்த வார்டுக் கதவு திறக்கும்போது காற்று பிரிகிற மாதிரி ஒரு சத்தம் வருமாம். அதே சத்தம் பஸ் கதவில் கேட்டாலும் போதும், மறுபடி அந்தச் சுவரோரம் போய் நின்றுவிடுகிறாள்.

சாப்பாட்டுக்கு நடுவில் மெதுவாகச் சொன்னாள்: டாக்டர் ஒரு பழக்கிய நாய் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், அந்தச் செலவை ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் ஏற்க வேண்டும் என்று மனு போட்டிருக்கிறேன்.

சித்தி கரண்டியோடு நின்றுவிட்டாள். "இன்னாடி சொல்ற? நீ நாய் வச்சிகினு இருக்கறதுக்கு ஆஸ்பத்திரிக்காரன் இன்னாத்துக்குக் காசு குடுக்கணும்?"

நானும் முதலில் சித்தி கட்சிதான். ராணிப்பேட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். தோல் ஷெட்களில் அடிபட்டவர்களின் நஷ்ட ஈட்டு மனுக்களை டைப் செய்வது என் பாதி வேலை. டிரம்மில் கை மாட்டியது, தோல் சீவும் ஷேவிங் மெஷினில் விரல் போனது, இப்படி. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு, ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14 சதவீதம் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே அச்சடித்திருக்கும். விரலை எண்ணத் தெரிந்தவனுக்கு நாய்க் கணக்கு புதுசு. அவள் ஊருக்குப் போன பிறகு நானே உட்கார்ந்து படித்துப் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த நாய் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வளர்க்கும் நாய் ஒன்று. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என்று அழைத்துப் போய், பலரும் தடவிக் கொடுக்கும் தெரபி நாய் இன்னொன்று. பக்கத்தில் இருந்தாலே தெம்பு என்று வைத்துக்கொள்ளும் துணைப் பிராணி மூன்றாவது. இவை எதுவும் உதவி நாய் ஆகாது. உதவி நாய் ஒரே ஓர் ஆளுக்காக, அந்த ஆளின் குறைபாட்டுக்கு ஈடாகக் குறிப்பிட்ட சில வேலைகளைச் செய்யப் பழக்கப்பட்டது. பார்வையற்றவரை அழைத்துப் போகும் வழிகாட்டி நாய்தான் இந்த வகையில் மூத்தது. அந்த நாய்களுக்கான முதல் பயிற்சிப் பள்ளி 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் தொடங்கியபோது, அது முதல் உலகப் போரில் கண் இழந்த சிப்பாய்களுக்காகத்தான். அதாவது ஆரம்பமே வேலையில் பட்ட காயத்துக்குத்தான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு அரக்கோணம் உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். அங்கே தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் இருக்கிறது. இடிபாட்டுக்குள் உயிரோடு இருப்பவரை மோப்பம் பிடிக்கும் நாய்கள் அந்தப் படையில் உண்டு. அந்த நாய் படைக்கு வேலை செய்கிறது. ஒரு பெரிய நிலச்சரிவில் வாரக்கணக்கில் பிணம் எடுத்துவிட்டு வந்த ஒரு வீரருக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டால், அவருக்காக மட்டும் பழக்கப்படும் நாய் வேறு ரகம்.

சரி, மனசு அடிபட்டவருக்கு ஒரு நாய் என்னதான் செய்யும்? கொஞ்சுவதற்கு என்று நினைத்தால் இந்த விஷயமே புரியாது. கெட்ட கனவில் கை கால் உதறினால் நாய் போர்வையை இழுத்து எழுப்பும், விளக்கு சுவிட்சை மூக்கால் அழுத்தும். பழைய சம்பவம் கண்முன் ஓட ஆரம்பித்து ஆள் உறைந்துபோனால் கையை முட்டி முட்டி இந்த இடத்துக்குக் கொண்டுவரும். மூச்சு முட்டும் பயம் வந்தால் மடியில் ஏறிப் படுத்துத் தன் கனத்தை இறக்கும். அந்த அழுத்தத்திலேயே நெஞ்சுப் படபடப்பு அடங்குவதாகப் பலர் சொல்கிறார்கள். கூட்டத்தில் தவித்தால் வாசல் பக்கம் இழுத்துப் போகும். இன்னொரு வேலை, எஜமானர் வரிசையில் நிற்கும்போது அவருக்குப் பின்னால் குறுக்காக நிற்பது. பின்னால் இருப்பவர் ஒட்டி வர முடியாதபடி ஒரு கை இடைவெளி கிடைக்கும். நாய் கடிக்காது, குரைக்காது. அப்படியே நிற்கும், அவ்வளவுதான்.

இந்தக் கடைசி வேலையை நான் கண்ணால் பார்த்தேன், நாய் இல்லாமலே. போகிக்கு முந்தின நாள் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போனோம். கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் வாங்க ஊரே அங்கேதான். தங்கச்சி ஒரு பூக்கடைப் பக்கம் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. சித்தி ஒன்றும் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகளுக்குப் பின்னால் போய் நெருக்கி நின்று, "நீ முன்னால போ, நான் வர்றேன்" என்றாள். மார்க்கெட் முழுவதும் அப்படியே நடந்தார்கள். இடித்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் சித்தி முதுகில்தான் இடித்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது தங்கச்சி என் காதில் சொன்னாள்: "அண்ணா, இதைத்தான் நாய் செய்யும். அம்மாவை சிட்னிக்குக் கூட்டிப் போக முடியாதே."

இனி காசு விஷயம். அந்த ஊர் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் இரண்டு வாசல்கள் உண்டு, இரண்டையும் தாண்ட வேண்டும். இந்தக் காயம் வேலையால் வந்ததா என்பது முதல் வாசல். கேட்கும் செலவு அந்தக் காயத்துக்கான சிகிச்சையா, தேவையான சிகிச்சையா என்பது இரண்டாவது. நாய் விவகாரம் சிக்குவது பெரும்பாலும் இரண்டாவது வாசலில்.

முதல் வாசலும் லேசானது இல்லை. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1987-ஆம் வருஷ இழப்பீட்டுச் சட்டத்தில், தங்கச்சி அடிபட்ட சமயத்தில், 11ஏ என்றொரு பிரிவு இருந்தது. இடமாற்றம், பதவி இறக்கம், ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றில் நிர்வாகம் நியாயமாக நடந்துகொண்டு, அதனால்தான் மனக் காயம் வந்தது என்றால் இழப்பீடு கிடையாது. மேனேஜர் முறையாகக் கண்டித்தார், மனசு உடைந்துவிட்டது என்று வருபவர் இங்கேயே நின்றுவிடுவார். பக்கத்து விக்டோரியா மாநிலம் 2024 மார்ச் 31 முதல் இன்னும் இறுக்கிவிட்டது. டாக்டர் முறைப்படி கண்டறிந்த நோயாக இருக்க வேண்டும், அதற்கு முக்கியக் காரணம் வேலையாக இருக்க வேண்டும். வழக்கமான வேலைப்பளுவில் வரும் சோர்வும் டென்ஷனும் கணக்கில் வராது. தங்கச்சிக்கு இந்த வாசல் திறந்தது. கழுத்தைப் பிடித்தது கேமராவில் இருந்தது, அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. பி.டி.எஸ்.டி. என்று டாக்டர் எழுதினார். பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் தொடரும் மனக் காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980-இல் அந்தப் பெயர் ஏறியது.

இரண்டாவது வாசலில்தான் சுவாரஸ்யம். நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தில் 'மருத்துவ சிகிச்சை' என்றால் என்னென்ன என்று ஒரு பட்டியல் இருக்கிறது. டாக்டர் பார்ப்பது, ஊன்றுகோல், செயற்கைக் கால், கண், பல், 'மற்ற செயற்கை உபகரணங்கள்', மூக்குக் கண்ணாடி, டாக்டர் சொல்லித் தரப்படும் நலச் சிகிச்சை, வீட்டையும் வண்டியையும் வசதிக்கேற்ப மாற்றுவது என்று போகிறது. நாய் எங்கே? செயற்கை உபகரணம் என்று சொல்லலாமா? லாப்ரடாரைப் பார்த்துச் செயற்கை என்று எந்த வக்கீலும் முகம் சிரிக்காமல் வாதாட முடியாது. ஆனால் 'டாக்டர் சொல்லித் தரப்படும் நலச் சிகிச்சை' என்ற வரியில் நாயை உட்கார வைக்க முயலலாம். அதனால்தான் சீட்டு யார் எழுதியது, எப்படி எழுதியது என்பதெல்லாம் உயிர்நாடி.

பட்டியலில் உட்கார்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து, அது நியாயமாகத் தேவைதானா என்று பார்ப்பார்கள். இதற்கு 1986-இல் ரோஸ் என்ற வழக்கும், அதையொட்டி 2014-இல் டியாப் என்ற வழக்கும் வழி வகுத்தன. இந்தக் காயத்துக்கு இது பொருத்தமா, மாற்று வழி இருக்கிறதா, செலவு எவ்வளவு, பலன் உண்டா, மருத்துவ உலகம் இதை ஏற்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். இந்தக் கேள்விகளை நாய் மேல் வைத்துப் பார்த்தால் இன்சூரன்ஸ்காரர் எங்கே உதைப்பார் என்பது தெரிந்துவிடும்.

'மாற்று வழி' என்றதும் முதல் உதை. பேச்சு சிகிச்சை இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, நாய் எதற்கு என்பார்கள். பதில் இப்படி வர வேண்டும்: பேச்சு சிகிச்சை நடக்கிறது, மாத்திரையும் போகிறது, இவ்வளவு மாதம் ஆகியும் ராத்திரிக் கனவும் கூட்டப் பயமும் இந்த அளவில் நிற்கின்றன, நாய் அந்த இரண்டுக்கு மட்டும். நாய் எந்தச் சிகிச்சைக்கும் மாற்று இல்லை, மேலே சேர்வது. ஆஸ்திரேலியாவில் முன்னாள் ராணுவத்தினருக்கு அரசு தரும் உதவி நாயும் இந்தக் கணக்கில்தான் தரப்படுகிறது. மனநல சிகிச்சையில் இருப்பவருக்கு அதோடு கூட. இதைப் படித்தபோது எனக்குக் கணியம்பாடிப் பக்கத்துக் கம்மவான்பேட்டை ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்பதால் அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து ராத்திரித் தூக்கம் வராத கதையைக் கேட்டால் எத்தனை வீட்டில் கேட்கலாமோ.

செலவு இரண்டாவது உதை. ஒரு குட்டியைத் தேர்ந்தெடுத்து ஒன்றரை, இரண்டு வருஷம் பழக்கி ஆளோடு சேர்த்து ஒப்படைக்கப் பத்தாயிரக்கணக்கில் டாலர் ஆகிறது. பயிற்சியைத் தாங்காமல் பாதியில் கழிக்கப்படும் நாய்களின் செலவும் அதில்தான் வந்து சேரும். பிறகு தீனி, தடுப்பூசி, வெட்னரி டாக்டர். எட்டுப் பத்து வருஷத்தில் நாய்க்கு ஓய்வு. அப்புறம் அடுத்த நாயா? இன்சூரன்ஸ்காரர் பயப்படுவது முதல் பில்லுக்கு இல்லை, இந்தத் தொடர்கதைக்குத்தான். அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாய் வீட்டு நாயாகவும் வாழும். எந்த வேளைத் தீனி சிகிச்சைக்கு, எந்த வேளை பாசத்துக்கு என்று யார் பிரிப்பது?

பலன் பற்றி: அமெரிக்காவில் 156 ராணுவத்தினரையும் முன்னாள் ராணுவத்தினரையும் வைத்து நடந்த ஓர் ஆய்வு 2024-இல் ஜாமா நெட்வொர்க் ஓபன் என்ற மருத்துவ இதழில் வந்தது. நாய் கிடைத்தவர்களுக்கு மூன்று மாதத்தில், நாய்க்காகக் காத்திருந்தவர்களைவிட பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் குறைந்திருந்தன. ஆனால் அது குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை இல்லை, ஆட்களும் சிப்பாய்கள். நர்ஸுக்கும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் இது அப்படியே பொருந்துமா என்று எதிர்த்தரப்பு டாக்டர் கேட்கத்தான் செய்வார். மொத்தத்தில் ஆதாரம் வளர்ந்துகொண்டு இருக்கிறது, முடிந்துவிடவில்லை.

தங்கச்சியின் மனு முதல் தடவை திரும்பியது. கடிதத்தைக் காட்டினாள். டாக்டர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: நாய் வைத்துக்கொண்டால் இவருக்கு நன்றாக இருக்கும். குமாஸ்தாவாகச் சொல்கிறேன், அந்த வரியை நான் இன்சூரன்ஸில் இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். நன்றாக இருக்கும் என்பது ஏலகிரியில் ஒரு வாரம் தங்கினாலும் பொருந்தும். எந்த அறிகுறி, அது எவ்வளவு அடிக்கடி, அதற்கு நாய் செய்யும் எந்த வேலை, அந்த வேலையை வேறு எதுவும் ஏன் செய்யாது, பலனை எப்போது எப்படி அளந்து பார்ப்போம், இவ்வளவும் இருக்க வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். நாய் என்றதும் சிரிக்கும் நாம், 'கூட ஓர் ஆள் இருப்பதே சிகிச்சை' என்ற எண்ணத்துக்குப் புதியவர்கள் இல்லை. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் 1957-இல் தொடங்கியது. அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும். பார்க்க வந்த விருந்தாளியாக இல்லை, சிகிச்சையில் ஒரு பங்காளியாக. மாத்திரை எப்போது, கோபம் வந்தால் என்ன செய்வது, எதைப் பேசக் கூடாது என்று அவரும் கற்றுக்கொள்வார். பல இடங்களில் நோயாளியைப் பூட்டி வைத்துவிட்டு வீட்டாரை வெளியே அனுப்பிய காலத்தில் நம் ஊரில் இது நடந்திருக்கிறது. பழக்கப்பட்ட துணை சிகிச்சையின் ஒரு பகுதி என்பது அங்கே அறுபது வருஷத்துக்கும் மேலான நடைமுறை. துணைக்கு நாலு கால் என்பதுதான் நமக்குப் புதுசு.

ஆனால் சட்டத்தில் நாம் இன்னும் முதல் வாசலிலேயே நிற்கிறோம். 1923-ஆம் வருஷத்துப் பழைய இழப்பீட்டுச் சட்டம், 'வேலையிலிருந்தும் வேலையின்போதும் விபத்தால் ஏற்பட்ட காயம்' என்றது. மனசு என்று சொல்லவில்லை, உடம்பு மட்டும் என்றும் சொல்லவில்லை. வேலையின் அழுத்தத்தால் வந்த மாரடைப்பையும் காயமாக ஏற்ற தீர்ப்புகள் உண்டு. 2012-இல் ஒரு லாரி டிரைவரின் மரணத்தில் உச்ச நீதிமன்றம் அப்படி ஏற்றது. அட்டவணையில் இல்லாத காயத்துக்குத் தகுதியுள்ள டாக்டர் சதவீதம் சொல்லலாம் என்பதும், சிகிச்சைக்கு ஆன அசல் செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருந்தன. இந்தச் சட்டமும் தொழிலாளர் காப்பீட்டுக்கான 1948-ஆம் வருஷ இ.எஸ்.ஐ. சட்டமும் இப்போது 2020-ஆம் வருஷச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன. 2025 நவம்பர் 21 முதல் அதுதான் நடைமுறை. விரல்களுக்குச் சதவீதம் சொல்லும் அட்டவணை அதிலும் இருக்கிறது. பயத்துக்கும் தூக்கமின்மைக்கும் அதில் வரி இல்லை. 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ இன்சூரன்ஸில் மன நோயை உடல் நோய்க்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. அது இன்சூரன்ஸ் பாலிசி விஷயம், வேலைக் காய விஷயம் வேறு.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். செத்தவர்களுக்கு நஷ்ட ஈடு என்று பேச்சு வந்தது. அந்தச் சேற்றில் இறங்கி ஆள் தேடியவர்களுக்கு என்ன ஆனது என்று நான் உட்பட யாரும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் என் மேஜைக்கு மனக் காயம் என்று ஒரு மனுகூட வந்ததில்லை. காயம் இல்லாமல் இல்லை, கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். விரல் போனவர் மனு எழுத வந்தால், தூக்கம் எப்படி, மெஷின் சத்தம் கேட்டால் என்ன ஆகிறது என்று கேட்டுவிடுகிறேன். ஏதாவது சொன்னால், மனநல டாக்டரிடம் ஒரு தடவை காட்டி ஓ.பி. சீட்டில் 'வேலை இடத்து விபத்துக்குப் பிறகு' என்ற வார்த்தையோடு எழுதி வாங்கச் சொல்கிறேன். பாதிப் பேர் சிரித்துவிட்டு எழுந்து போகிறார்கள். போன மாதம் ஒருவர் போகவில்லை, உட்கார்ந்து அழுதார்.

தங்கச்சி இரண்டாவது கடிதத்தை அனுப்பிவிட்டாள். இந்தத் தடவை நாலு பக்கம். மறுபடி மறுத்தால் அங்கே பெர்சனல் இஞ்சுரி கமிஷன் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிலுக்குக் காத்திருக்கிறாள். சித்திதான் பொறுக்க முடியாமல் வாரா வாரம் வீடியோ காலில் கேட்கிறாள்: "நம்ம தெருவுல நாலு குட்டி போட்டுகீது. ஒண்ண அனுப்பட்டுமா?" வெறிநோய் பயத்தால் இந்தியாவிலிருந்து நேராக நாயை ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். சித்தி நம்பவில்லை. கறுப்பாக ஒன்று நன்றாக இருக்கிறதாம், அதற்குத் தினமும் பால் வைத்துக்கொண்டிருக்கிறாள்.